புள்ளியை இழுப்பதற்கு முன்

"பத்தால் பெருக்கினால் கடைசியில் ஒரு பூச்சியம் சேர்த்துக்கொள்." நம்மில் பெரும்பாலோர் இப்படித்தான் கற்றோம். 37 × 10 என்றால் 370. சரிதான். இரண்டு மூன்று வருடம் கழித்து 3.7 × 10 வருகிறது. அதே விதியைப் பிடித்துக்கொண்டு ஒரு பிள்ளை 3.70 என்று எழுதுகிறது. அந்தப் பிள்ளையிடம் கவனக்குறைவு எதுவும் இல்லை. சொல்லிக்கொடுத்ததை அப்படியே செய்திருக்கிறது. கோளாறு விதியில்தான். பத்தால் பெருக்கும்போது ஒவ்வொரு இலக்கமும் இடப்பக்கம் ஒரு வீடு தள்ளிப் போகிறது. ஒன்றுகள் வீட்டில் இருந்த 3 பத்துகள் வீட்டுக்குப் போகிறது. பத்தில் ஒன்றுகள் வீட்டில் இருந்த 7 ஒன்றுகள் வீட்டுக்கு வருகிறது. விடை 37. முழு எண்ணில் கடைசியாக வரும் பூச்சியம், காலியாகிப்போன வீட்டைக் காட்டும் குறி மட்டுமே.

இதைக் கரும்பலகையில் காட்டுவது கஷ்டம். ஓரிடத்தில் எழுதிய 3ஐ அழித்துவிட்டுப் பக்கத்து வீட்டில் எழுத வேண்டும். அப்போது பிள்ளையின் கண்ணில் படுவது இரண்டு தனித்தனி எண்கள். ஒன்று இன்னொன்றாக நகர்ந்து வந்தது அதற்குத் தெரியாது. தொட்டு நகர்த்தக்கூடிய ஸ்மார்ட் போர்டில் அதைக் காட்டிவிடலாம்.

இங்கிலாந்தில் 1999இல் தேசிய எண்ணறிவுத் திட்டம் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. தினமும் ஒரு மணி நேர அளவில் கணிதப் பாடம், அதில் வகுப்பு முழுவதையும் சேர்த்து வைத்துப் பேசும் பகுதி என்பது அதன் அமைப்பு. அந்தப் பகுதிக்காகச் சின்னச் சின்னக் கணினி நிரல்களைச் செய்து பள்ளிகளுக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். எண் கட்டம், எண் கோடு, பின்னப் பட்டைகள், கோணம் அளத்தல் என்று ஒரு நிரலுக்கு ஒரே வேலை. இலக்கங்களை நகர்த்துவதற்கென்றே ஒன்று இருந்தது. எண்ணைப் போட்டுவிட்டுப் பத்தால் பெருக்கச் சொன்னால் இலக்கங்கள் வழுக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போகும். கதை இல்லை, கார்ட்டூன் இல்லை, கைதட்டும் குரங்கு இல்லை. ஸ்மார்ட் போர்டு கணித வகுப்புக்கு உருப்படியாக என்ன செய்ய முடியும் என்று யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது இந்த எளிய நிரலைத்தான்.

ஸ்மார்ட் போர்டின் வரலாற்றைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். கனடாவின் கால்கரி நகரைச் சேர்ந்த ஸ்மார்ட் டெக்னாலஜிஸ் 1991இல் முதல் ஸ்மார்ட் போர்டைக் கொண்டுவந்தது. ஒரு நிறுவனத்தின் பெயரே நம் ஊரில் பொருளின் பெயராகிவிட்டது. ஆரம்பத்தில் அது கணினி, புரொஜெக்டர், தொட்டால் உணரும் வெள்ளைப் பலகை என்ற மூன்றின் கூட்டு. ஒரு வகைப் பலகையில் இரண்டு மெல்லிய படலங்கள் இருக்கும். விரல் அழுத்தினால் அவை ஒட்டி, எந்த இடம் என்று கணினிக்குச் சொல்லும். இங்கிலாந்தின் பிளாக்பர்ன் நகரிலிருந்து வந்த ப்ரொமீதியன் பலகைகள் விரலுக்கு அசையாது, அதற்கென்று ஒரு தனிப் பேனா வேண்டும். புரொஜெக்டர் கொஞ்சம் நகர்ந்துவிட்டால் தொடும் இடம் ஒன்று, கோடு விழும் இடம் வேறொன்று. ஆசிரியரின் நிழல் வேறு படத்தின் மேல் விழும். இன்று வகுப்புகளுக்கு வருபவை பெரும்பாலும் 65, 75, 86 அங்குலத் தொடுதிரைகள். நிழல் தொல்லை அதில் இல்லை.

கணிதத்துக்கு முக்கியமான இன்னொன்று பலகைக்கு முன்பே பிறந்துவிட்டது. பிரான்சின் கிரெனோபிளில் ஜான்-மாரி லபோர்டும் அவருடைய குழுவினரும் 1980களில் உருவாக்கிய காப்ரி, அமெரிக்காவில் நிகோலஸ் ஜாக்கிவ் செய்து 1991இல் வெளிவந்த ஜியோமீட்டர்ஸ் ஸ்கெட்ச்பேட் ஆகிய மென்பொருள்களில் ஒரு முக்கோணத்தை வரைந்து அதன் உச்சியைப் பிடித்து இழுக்கலாம். மற்றவை எல்லாம் அதற்கேற்ப மாறும். ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்கஸ் ஹோஹன்வார்ட்டர் 2001இல் தொடங்கிய ஜியோஜீப்ரா இதே வசதியை வரைபடங்களோடும் இயற்கணிதத்தோடும் சேர்த்து, எல்லோரும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி கொடுத்தது. இந்த இழுக்கும் படம் பெரிய பலகைக்கு ஏறியபோதுதான் வகுப்பில் உள்ள எல்லோரும் ஒரே படத்தை ஒரே நேரத்தில் பார்த்து வாதாட வழி பிறந்தது.

ஓர் எடுத்துக்காட்டு. அடிப்பக்கம் 6 செ.மீ., உயரம் 4 செ.மீ. கொண்ட முக்கோணம். அடிப்பக்கத்துக்கு இணையாக, 4 செ.மீ. மேலே ஒரு கோடு. முக்கோணத்தின் உச்சி அந்தக் கோட்டின் மேல் மட்டும் நகரும். நடுவில் இருக்கும்போது பக்கங்கள் 5, 5, 6; சுற்றளவு 16 செ.மீ. உச்சியை வலப்பக்கம் இழுத்துக்கொண்டே போனால் முக்கோணம் சாய்ந்து, நீண்டு, ஊசி மாதிரி ஆகிறது. சுற்றளவு 17, 20, 25 என்று ஏறுகிறது. பரப்பளவு?

இழுப்பதற்கு முன் வகுப்பைக் கேட்டுப் பார்க்க வேண்டும். "பரப்பு கூடுமா, குறையுமா, அப்படியே இருக்குமா? சிலேட்டில் எழுதுங்கள், யாரும் பேசாதீர்கள்." சிலர் கூடும் என்பார்கள், படம் நீண்டுகொண்டே போகிறதே. சிலர் குறையும் என்பார்கள், அது ஒல்லியாகிக்கொண்டே போகிறதே. இரண்டுமே நியாயமான எண்ணங்கள். பிறகு இழுத்துக் காட்டினால் 12 ச.செ.மீ. என்ற எண் அசையாமல் நிற்கிறது. முன்கூட்டியே ஒரு பக்கம் சேர்ந்துவிட்ட பிள்ளைக்கு அந்த அசையாத எண் ஓர் அதிர்ச்சி. கேள்வியே கேட்காமல் ஆசிரியர் தானே இழுத்து, "பாருங்கள், மாறவில்லை" என்று சொல்லிவிட்டால் அது இன்னொரு தகவல், அவ்வளவுதான். படம் ஒன்று, பலகை ஒன்று, எடுத்துக்கொண்ட நேரம்கூடக் கிட்டத்தட்ட ஒன்றுதான். இழுப்பதற்கு முந்தைய அந்த அரை நிமிடத்தில்தான் பாடம் நடக்கிறது.

இதே முக்கோணம் இன்னொரு பழைய வியாதியையும் தீர்க்கும். கரும்பலகையிலும் புத்தகத்திலும் முக்கோணம் எப்போதும் அடிப்பக்கம் தரையில் படிய, உச்சி மேலே நடுவில் இருக்கும்படிதான் வரையப்படுகிறது. அதனால் குத்துயரம் என்றால் முக்கோணத்துக்கு உள்ளேதான் விழும் என்று பிள்ளைகள் மனதில் பதிந்துவிடுகிறது. உச்சியை இழுத்து விரிகோண முக்கோணம் ஆக்கியதும் குத்துயரம் படத்துக்கு வெளியே போய் நிற்கிறது. "இது எப்படி உயரம் ஆகும்?" என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். சதுரத்தை 45 பாகை திருப்பி வைத்தால் "இது சதுரம் இல்லை, டைமண்டு" என்று சொல்லும் பிள்ளைகளுக்கும் இதே மருந்துதான்: மெதுவாகத் திருப்பிக்கொண்டே, எந்த இடத்தில் அது சதுரமாக இல்லாமல் போகிறது என்று கை தூக்கச் சொல்வது.

இவ்வளவு நல்ல கருவி கையில் இருந்தும் இங்கிலாந்தில் என்ன நடந்தது? அதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஏனென்றால் நாம் இப்போது செய்வதை அவர்கள் 20 ஆண்டுகளுக்கு முன்பே பெரிய அளவில் செய்து பார்த்துவிட்டார்கள், அளந்தும் பார்த்துவிட்டார்கள்.

2002 முதல் 2004 வரை, ஆறு உள்ளாட்சிக் கல்வி வட்டாரங்களில் 9 முதல் 11 வயதுப் பிள்ளைகளின் வகுப்புகளுக்குப் பலகைகளைக் கொடுத்து முன்னோட்டம் பார்த்தார்கள். நியூகாசில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கூடவே இருந்து 184 பாடவேளைகளை உட்கார்ந்து கவனித்தார்கள். ஆசிரியர்களுக்குப் பலகை பிடித்திருந்தது, பிள்ளைகளுக்கும் பிடித்திருந்தது. தேர்வு மதிப்பெண்களில் முதல் ஆண்டு சிறிய முன்னேற்றம் தெரிந்தது. இரண்டாம் ஆண்டு அதுவும் காணோம். பாடவேளைகளுக்குள்ளே அவர்கள் பார்த்தது இன்னும் முக்கியமானது. பலகை இருந்த வகுப்புகளில் பாடம் வேகமாக ஓடியது, பிள்ளைகள் குழுவாக உட்கார்ந்து வேலை செய்யும் நேரம் குறைந்திருந்தது.

லண்டனில் 2003-04இல் உயர்நிலைப் பள்ளிகளுக்குத் தனி நிதி கொடுத்து, கணிதம், அறிவியல், ஆங்கிலம் ஆகியவற்றில் ஒரு துறைக்காவது முழுமையாகப் பலகைகள் மாட்டினார்கள். லண்டன் கல்வி நிறுவனத்தின் ஜெம்மா மாஸ் தலைமையிலான குழு 2007இல் கொடுத்த அறிக்கையும், பலகைகள் முழுமையாக வந்த முதல் ஆண்டில் மதிப்பெண்கள் உயர்ந்ததற்குச் சான்று இல்லை என்றது. அந்தக் குழு செய்த ஒரு பிரிவினை எனக்கு மிகவும் பயன்பட்டது. பலகையோடு 'ஊடாடுதல்' என்று நாம் ஒரே சொல்லில் சொல்வதை அவர்கள் மூன்றாகப் பிரித்தார்கள். கருவியை இயக்குவது ஒன்று. எழுந்து போய்த் தொட்டு நகர்த்துவது இரண்டு. கணிதக் கருத்தோடு மல்லுக்கட்டுவது மூன்று. முதல் இரண்டும் நடந்தால் மூன்றாவது தானாக நடந்துவிடும் என்று எல்லோரும் நம்பினார்கள். அப்படி நடக்கவில்லை. கணக்கில் பின்தங்கிய பிள்ளைகளின் வகுப்புகளில் ஒவ்வொருவராகப் பலகைக்கு வந்து தொடும்வரை மற்றவர்கள் காத்திருந்ததில், வகுப்பு மெதுவாகிப்போனதும் உண்டு.

மதிப்பெண் ஏறவில்லை என்பதை வைத்துப் பலகையே வீண் என்று சொல்ல மாட்டேன். வேகம் ஏன் கூடியது என்று யோசித்தால் காரணம் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. கரும்பலகையில் ஒரு வட்டத்தை வரைய, கவராயத்தில் சாக்பீஸைச் செருகி, மையத்தைப் பிடித்துச் சுற்ற அரை நிமிடம் ஆகும். அந்த அரை நிமிடத்தில் பிள்ளை அடுத்து என்ன வரும் என்று யோசித்துக்கொண்டிருக்கும். ஸ்மார்ட் போர்டில் வட்டம் ஒரே தொடுதலில் வந்து விழுகிறது. ஆசிரியருக்கு மிச்சமான நேரம், பிள்ளை யோசித்துக்கொண்டிருந்த நேரம்தான். அதை வேண்டுமென்றே திருப்பிக் கொடுக்க வேண்டும். முன்கூட்டியே தயாரித்த 30 பக்கங்கள் வரிசையில் காத்திருந்தால் எந்த ஆசிரியருக்கும் அடுத்த பக்கத்தைத் தட்டத்தான் தோன்றும்.

பலகை மாறினால் கணிதம் படிக்கும் முறையும் மாறும் என்பதற்கு இன்னும் பழைய கதை ஒன்று உண்டு. 1830இல் அமெரிக்காவின் யேல் கல்லூரியில் கூம்பு வெட்டுகள் பற்றிய பாடத்தில், புத்தகத்தில் உள்ள படத்தைப் பார்த்துக்கொண்டே விளக்கினால் போதும் என்ற வழக்கத்தை மாற்றி, மாணவரே கரும்பலகையில் படத்தை வரைந்து விளக்க வேண்டும் என்றார்கள். மாணவர்கள் மறுத்தார்கள். 96 பேர் இருந்த வகுப்பில் 43 பேரைக் கல்லூரி வெளியேற்றியது. தண்டனை கொடூரம்தான். ஆனால் அந்த மாணவர்கள் எதற்குப் பயந்தார்கள் என்பது புரிகிறது. தயாராக இருக்கும் படத்தைப் பார்த்துத் தலையாட்டுவது எளிது. தானே வரையும்போதுதான் தெரியாதது வெளியே வரும். ஸ்மார்ட் போர்டு நம்மை மறுபடி தயாரான படத்துக்குத் திருப்பிவிடக்கூடும். அதனால்தான் பிள்ளைகள் கையில் நோட்டும் பென்சிலும் பாகைமானியும் இருந்தே ஆக வேண்டும் என்று நினைக்கிறேன்.

இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழகத்தில் டேவ் மில்லரும் அவருடைய சகாக்களும் உயர்நிலைப் பள்ளிக் கணித வகுப்புகளைப் பல ஆண்டுகள் கவனித்துவிட்டு இதையே அழகாகச் சொன்னார்கள்: பலகையில், மேசையில், மண்டையில். மூன்று இடத்திலும் வேலை நடக்க வேண்டும். பலகையில் எண் கோடு என்றால் ஒவ்வொரு மேசையிலும் ஒரு காகிதத்தில் எண் கோடு. ஒரு பிள்ளை பலகையில் 2/3ஐ வைக்கும்போது மற்ற 39 பேரும் தங்கள் கோட்டில் வைத்துவிட்டிருப்பார்கள். பலகையில் வைப்பது சரியா என்று பார்க்கக் காரணம் கிடைத்துவிடும். நம் ஊர் சிலேட்டு இதற்குப் பிரமாதமான சாமான். லட்ச ரூபாய் பலகைக்கும் சில ரூபாய் சிலேட்டுக்கும் இவ்வளவு நல்ல பொருத்தம் இருக்கும் என்று அதை வாங்குபவர்கள் யோசித்திருப்பார்களா தெரியவில்லை.

பலகை காட்டும் எண்ணை அப்படியே நம்புவதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. முக்கோணத்தின் மூன்று கோணங்களை ஒரு தசம இடத்துக்குக் காட்டும்படி வைத்தால், உண்மையில் 50.34, 60.34, 69.32 என்று இருப்பவை 50.3, 60.3, 69.3 என்று தெரியும். கூட்டினால் 179.9. இப்போது ஒரு பிள்ளை, "180 வரும்னு சொன்னீங்களே சார்" என்று கேட்டால், "அது கம்ப்யூட்டர் தப்பு" என்று கடந்துபோகக் கூடாது. முழுதாக்கல் என்றால் என்ன என்று சொல்ல இதைவிட நல்ல தருணம் வராது. அதற்கும் மேலே இன்னொன்று: ஐந்நூறு முக்கோணங்களை இழுத்துப் பார்த்து 180 வந்தாலும் அது நிரூபணம் ஆகாது. உச்சி வழியாக அடிப்பக்கத்துக்கு இணையாக ஒரு கோடு போட்டு, ஒன்றுவிட்ட கோணங்கள் சமம் என்று காட்டி, மூன்று கோணங்களும் ஒரு நேர்கோட்டில் சேர்ந்து உட்காருவதைப் பார்க்கும்போதுதான் ஏன் என்பது விளங்கும். அந்த இணைகோட்டையும் இதே பலகையில் போடலாம். இழுத்தாலும் அது இணையாகவே இருக்கும். சந்தேகம் வரவைக்கவும் காரணம் தேடவும் இழுத்தலைப் பயன்படுத்தலாம். தீர்ப்பு சொல்லும் வேலையை அதனிடம் விடக் கூடாது.

தமிழ்நாட்டில் இதற்கான விதை ஏற்கெனவே போடப்பட்டிருக்கிறது. 2018-19 முதல் வந்த புதிய பாடநூல்களில் கணிதப் புத்தகத்தைத் திறந்தால் பல பாடங்களில் 'இணையச் செயல்பாடு' என்ற பக்கம் இருக்கும். க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால் ஜியோஜீப்ரா பணித்தாள் திறக்கும். படி 1, படி 2 என்று என்ன செய்ய வேண்டும் என்றும் போட்டிருக்கும். நல்ல ஏற்பாடு. ஒரே குறை, "நழுவலை நகர்த்தி விடையைச் சரிபார்க்க" என்ற மாதிரியான வரிகளில் (நழுவல் என்றால் எண்ணைக் கூட்டவோ குறைக்கவோ திரையில் இழுக்கும் பொத்தான்) பிள்ளையிடம் எதிர்பார்ப்பு எதையும் கேட்பதில்லை. நகர்த்து, பார், முடிந்தது. அந்த வரிக்கு முன்னால் ஆசிரியர் ஒரே ஒரு கேள்வியைச் சேர்த்தால் போதும். y = ax² என்ற வளைகோடு திரையில் இருக்கிறது, a = 3. நழுவலை 2, 1, 0.5 என்று குறைக்கக் குறைக்க வளைகோடு விரிந்துகொண்டே வருகிறது. 0.1இல் நிறுத்திவிட்டு, "இன்னும் குறைத்து 0க்குக் கொண்டுபோனால் என்ன ஆகும்? அதையும் தாண்டினால்?" என்று கேட்டு, வரையச் சொல்ல வேண்டும். படம் மறைந்துவிடும் என்று சில பிள்ளைகள் எழுதுவார்கள். வளைகோடு x அச்சின் மேல் அப்படியே படுத்துவிடும், அடுத்த நொடி தலைகீழாகக் கவிழும் என்று யாராவது ஒருவர் வரைந்து வைத்திருந்தால் அந்தப் பிள்ளையை எழுப்பிப் பேசவிடலாம்.

வளங்களைத் தேர்ந்தெடுப்பதில் இன்னொரு விஷயம், அவை எத்தனை நாள் உயிரோடு இருக்கும் என்பது. மேலே சொன்ன இங்கிலாந்து நிரல்கள் ஃபிளாஷ் என்ற மென்பொருளில் செய்யப்பட்டவை. அந்தத் திட்டம் 2011இல் முடிந்தது. அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31உடன் ஃபிளாஷை நிறுத்தியதும், உலகம் முழுவதும் கணித ஆசிரியர்கள் சேர்த்து வைத்திருந்த ஆயிரக்கணக்கான செயல்பாடுகள் உலாவிகளில் திறக்காமல் போயின. அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகம் 1999இல் தொடங்கிய கணிதக் கருவிகளின் இணைய நூலகம் ஜாவா என்ற நிரல்மொழியை நம்பியிருந்தது; உலாவிகள் ஜாவாவைக் கைவிட்டதும் அதுவும் முடங்கியது. ஜியோஜீப்ராவும் ஜாவாவில் பிறந்ததுதான். உலாவியிலேயே நேரடியாக ஓடும்படி மாற்றி எழுதப்பட்டதால் பிழைத்தது. அப்புறம், ஒரு நிறுவனத்தின் பலகைக்கென்று தயாரித்த பாடம் இன்னொரு நிறுவனத்தின் பலகையில் ஒழுங்காகத் திறப்பதில்லை. ஆசிரியர் ஆறு மாதம் உட்கார்ந்து செய்த வேலை, டெண்டர் மாறினால் போச்சு. சாதாரண உலாவியில் ஓடக்கூடியதை மட்டும் சேர்த்து வைப்பது நல்லது. இணையம் இல்லாத பள்ளி என்றால் தரவிறக்கி வைத்துக்கொள்ளக்கூடியதாகவும் அது இருக்க வேண்டும்.

பலகையின் வசதிகளில் யாரும் பெரிதாகப் பேசாத ஒன்றைச் சொல்ல வேண்டும். அது அழியாது. கரும்பலகையில் மணி அடித்ததும் டஸ்டர் வந்துவிடும். இங்கே பக்கத்தைச் சேமித்து மறுநாள் திறக்கலாம். நேற்று வகுப்பில் வந்த தவறான விடைகளை, யார் எழுதியது என்று சொல்லாமல், அடுத்த நாள் காலையில் காட்டி, "இதை எழுதியவர் என்ன நினைத்திருப்பார்?" என்று கேட்டுப் பாருங்கள். விளையாட்டு, பாட்டு, அனிமேஷன் எல்லாவற்றையும்விட இது எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

2024இல் தமிழ்நாட்டு அரசு தொடக்கப் பள்ளிகளில் 22,000க்கும் மேற்பட்ட ஸ்மார்ட் வகுப்பறைகள் அமைக்கும் வேலை தொடங்கியது. இங்கிலாந்தின் வகுப்பறைக்கும் இந்தப் பள்ளிகளுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. இவற்றில் ஏராளமானவை ஈராசிரியர் பள்ளிகள். ஐந்து வகுப்புகளுக்கு இரண்டு பேர். ஒரே அறையில் இரண்டு மூன்று வகுப்புப் பிள்ளைகள் கூட்டமாகக் கூட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். ஆசிரியர் ஒரு கூட்டத்தோடு இருக்கும்போது மற்றவை தங்கள் பாட்டுக்கு வேலை செய்ய வேண்டும். இங்கிலாந்தில் பலகை வந்து விழுங்கிய குழு வேலை இங்கே தினசரி வாழ்க்கை. வகுப்பு முழுவதும் பார்க்கும் சினிமாத் திரையாகப் பலகையை வைத்தால் அந்த அறைக்கு அது பொருந்தவே பொருந்தாது. நாலு பிள்ளைகளிடம் இருபது நிமிடம் விட்டுவிடும் வேலைமேசையாக வைத்தால் பொருந்தும். 1 முதல் 100 வரை எண் கட்டம், சில எண்கள் மறைத்து வைத்திருக்கிறது; ஒருவர் ஓர் எண்ணை ஊகித்துச் சொல்ல வேண்டும், மற்ற மூவரும் ஒப்புக்கொண்ட பிறகுதான் திறக்கலாம். சண்டை வரும், சத்தம் வரும், "43க்குக் கீழே 53தானே" என்று ஒருத்தி விரலை வைத்துக் காட்டுவாள். அதற்கு ஆசிரியர் பக்கத்தில் நிற்க வேண்டியதில்லை.

ஒன்று மட்டும் மாட்டும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலான இடங்களில் திரையைப் பெரியவர்களின் கண் உயரத்துக்கு மாட்டிவிடுகிறார்கள். எண் கட்டத்தின் மேல் வரிசை ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் கைக்கு எட்டாது. இரண்டடி இறக்கி மாட்டச் சொல்லிக் கேட்க வேண்டும். சுவர் இடம் கொடுக்காவிட்டால், அதன் முன்னால் ஆடாத ஒரு பெஞ்சையாவது போட வேண்டும்.